கூட்ட நெரிசலில் உயிர் போகும்போது மாநில அரசின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

வைகைக்கரை எழுதியது:

2025ஆம் ஆண்டில் மட்டும் கூட்ட நெரிசலில் நம் நாட்டு மக்கள் இறந்த இடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காக நின்றவர்களில் 6 பேர் இறந்தார்கள். ஜனவரி 29 அன்று பிரயாக்ராஜ் மகா கும்பமேளாவில், அரசு முதலில் அறிவித்த கணக்கின்படியே 30 பேர். பிப்ரவரி 15 அன்று புது தில்லி ரயில் நிலையத்தில் 18 பேர். ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி விளையாட்டரங்கத்தின் வாசலில் 11 பேர். செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் அரசியல் பரப்புரைக் கூட்டத்தில் 41 பேர். மக்கள் கூடிய நோக்கம் ஒவ்வோர் இடத்திலும் வேறு, ஆண்ட கட்சியும் வேறு. ஆகவே இந்த இழையைக் கட்சிச் சண்டையாக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் முதல் பதிவே பொது ஒழுங்குதான். இரண்டாவது பதிவு காவல்துறை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாநில ஆணையத்துக்கு முதலமைச்சரும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரும் தலைவர்கள். ரயில் நிலையம் போன்ற சில இடங்களைத் தவிர்த்தால், ஒரு தெருவிலோ திடலிலோ கூடும் மக்களின் உயிருக்கு மாநில அரசே முதல் பொறுப்பாளி என்பதில் ஐயமில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014இல் கூட்ட மேலாண்மைக்கென ஒரு வழிகாட்டி நூலையே வெளியிட்டிருக்கிறது. வழிமுறை எழுதப்படாததால் இந்த உயிர்கள் போகவில்லை.

நம் மாநிலங்கள் கூட்டத்தைச் சட்டம் ஒழுங்கு விவகாரமாக மட்டுமே பார்க்கின்றன என்பது என் கருத்து. எத்தனை காவலர்கள் பந்தோபஸ்துக்கு நிறுத்தப்பட்டார்கள் என்ற எண்ணிக்கை ஒவ்வொரு துயரத்துக்குப் பிறகும் உடனே வெளிவருகிறது. அந்த இடம் எத்தனை பேரைத் தாங்கும், அதை அளந்து சொன்னவர் யார், அளவு மீறியபோது நிகழ்வை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அந்த இடத்தில் நின்ற யாரிடம் இருந்தது என்ற கேள்விகளுக்கு மட்டும் பதிலே கிடைப்பதில்லை. துறை அனுபவம் உள்ளவர்கள் இதைப் பற்றி எழுத வேண்டும்.

பழையகோப்பு எழுதியது:

வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அனுமதி எப்படி நடக்கிறது என்பதை, கோப்பு நகரும் வழியிலேயே சொல்கிறேன்.

ஏற்பாட்டாளர் காவல் நிலையத்தில் மனு கொடுப்பார். அது டி.எஸ்.பி. வழியாக எஸ்.பி. அலுவலகத்துக்குப் போகும். சென்னையென்றால் 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம் 41ஆவது பிரிவு. மாவட்டங்களில் 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவை அவ்வப்போது அமல்படுத்துவார்கள். முன்பு 144 என்று எல்லோரும் அறிந்த தடையுத்தரவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆவது பிரிவாகியிருக்கிறது. இந்த அதிகாரங்களில் மிகப் பழையவை கலகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கூடும் மக்கள் மற்றவர்களுக்கு ஆபத்தாக மாறக்கூடும் என்ற அச்சம் அவற்றில் இருக்கிறது. கூடிய மக்களே ஆபத்தில் சிக்கக்கூடும் என்ற எண்ணம் இல்லை. அதே மனப்பாங்குதான் நிபந்தனைப் பட்டியலிலும் தெரியும். ஒலிபெருக்கி எத்தனை, எந்த நேரம் வரை, கொடிக்கம்பம் கூடாது, பிறரைப் புண்படுத்தும் முழக்கம் கூடாது என்று பத்து இருபது வரிகள் இருக்கும். திடலின் பரப்பு எவ்வளவு, வெளியேறும் வழிகளின் மொத்த அகலம் எவ்வளவு என்ற வரியை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

எதிர்பார்க்கும் கூட்டம் என்ற இடத்தில் மனுதாரர் எழுதுவதே கணக்கு. அனுமதி எளிதாகக் கிடைக்கட்டும் என்று அவர் குறைத்து எழுதுவார். குறைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது வாங்கி வைக்கும் அலுவலருக்கும் தெரியும். கரூரில் மனுவில் 10,000 பேர் என்று இருந்ததாகவும் வந்தவர்கள் சுமார் 27,000 பேர் என்றும் காவல்துறைத் தலைமை நிகழ்வுக்குப் பின் சொன்னது. தவறு யாருடையது என்பதைச் சி.பி.ஐ. விசாரித்துச் சொல்லட்டும், உச்ச நீதிமன்றம் அக்டோபர் 13 அன்றே அந்த வழக்கை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டது. நான் சொல்ல வருவது, மனுதாரர் எழுதும் எண்ணை நம்பி அரசு தன் ஏற்பாட்டைத் தீர்மானிக்கும் முறையே பிழையானது என்பதுதான்.

மீட்புப்பணி எழுதியது:

தீயணைப்பு மற்றும் மீட்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க விரும்புகிறேன். நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டு இறக்கிறார்கள் என்றே செய்திகளில் வருகிறது. பெரும்பாலானோர் மூச்சுத் திணறி இறக்கிறார்கள், பலர் நின்ற நிலையிலேயே. நான்கு புறமும் உடல்கள் அழுத்தும்போது மார்புக்கூடு விரிவதற்கு இடம் இருக்காது. மூச்சை வெளியே விட்டவரால் மறுபடியும் உள்ளே இழுக்க முடியாது. குழந்தைகளும் உயரம் குறைந்த பெண்களும் முதலில் பாதிக்கப்படுவது இதனால்தான்.

ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நிற்கும் கூட்டத்தில் ஒருவர் தன் விருப்பப்படி கால் எடுத்து வைக்க முடியும். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. ஏழை நெருங்கும்போது தனி மனிதர் என்ற நிலையே போய்விடுகிறது; கூட்டம் நீரைப் போல அலையலையாக அசையும், எங்கோ ஒரு மூலையில் எழும் தள்ளல் பல மீட்டர் தாண்டி வந்து ஒருவரைச் சாய்க்கும். அந்த நிலைக்குப் போன பிறகு ஆயிரம் காவலர்கள் இருந்தாலும் உள்ளே நுழைய வழியில்லை. லத்தியைக் காட்டி விரட்டினால் விரட்டப்பட்டவர்கள் அடுத்தவர்கள் மேல்தான் சாய்வார்கள். ஆகவே செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

கணக்கு கடினமானதும் அல்ல. பிரிட்டனில் விளையாட்டரங்கப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தும் வழிகாட்டியில், சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியாக நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்றும் படிக்கட்டு என்றால் 66 பேர் என்றும் வைத்திருக்கிறார்கள். ஆறு மீட்டர் அகலமுள்ள ஒரு தெரு மட்டுமே வெளியேறும் வழியாக இருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 490 பேர். பத்தாயிரம் பேர் வெளியேற இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகும், அதுவும் தெருவில் வண்டியோ தள்ளுவண்டிக் கடையோ திறந்த சாக்கடையோ இல்லாதிருந்தால். நம் ஊர்க் கடைவீதிகளில் எதைக் கழித்து எதைக் கூட்டுவது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு அளவுநாடாவும் ஒரு தாளும் போதுமான வேலை இது. இதைச் செய்யும் பொறுப்பு யாருக்கும் எழுத்தில் கொடுக்கப்படவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நம் சவுக்குக் கட்டைத் தடுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கட்டுகிறோம் என்று இரு புறமும் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். நெருக்கம் கூடும்போது பிரித்துவிடக்கூடிய திறப்பு இடையிடையே இல்லையென்றால், அந்தத் தடுப்பே மக்களை அழுத்தும் சுவராகிவிடும்.

சட்டம்அறிவோம் எழுதியது:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் அரசிடம் புதிய அதிகாரத்தைக் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞராக என் அச்சத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசமைப்பின் 19ஆவது கூறு தரும் அடிப்படை உரிமை. நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாமே தவிர அதை இல்லாமலாக்க முடியாது. 1972இல் அகமதாபாத் காவல் ஆணையருக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, பொதுச் சாலையில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், எந்த அளவுகோலும் இல்லாமல் அலுவலரின் விருப்பத்துக்கு விட்டுவிடும் விதி செல்லாது என்று சொன்னது. இன்றும் நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆளுங்கட்சிக்கு ஊரின் நடுவில் இடம் கிடைக்கிறது, எதிர்க்கட்சிக்கு ஊருக்கு வெளியே. எந்தக் கட்சி ஆண்டாலும் இதே குற்றச்சாட்டு எழுகிறது. சிறிய இயக்கமோ தொழிற்சங்கமோ ஒவ்வொரு முறையும் உயர் நீதிமன்றத்தை அணுகியே அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு என்ற காரணம் சேர்ந்துவிட்டால் மறுப்பதற்கு இன்னொரு கதவு திறக்கும்.

பெங்களூரு துயரத்துக்குப் பின் கர்நாடக அரசு 2025இல் கூட்டக் கட்டுப்பாட்டு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. எதிர்பார்க்கப்படும் கூட்டத்தின் அளவைப் பொறுத்து எந்தநிலை அலுவலர் அனுமதி தரலாம் என்று படிநிலை வகுத்து, மீறும் ஏற்பாட்டாளருக்குக் கடும் தண்டனையும் வைத்தார்கள். படிநிலை வகுத்தது எனக்கு உடன்பாடே. ஆனால் சட்டத்தின் எடை முழுவதும் ஏற்பாட்டாளர் தலையில் இறங்குகிறது. அனுமதி தந்த அலுவலர் திடலை அளக்காமல் கையெழுத்திட்டால் அவருக்கு என்ன பொறுப்பு என்பதும் அதே தெளிவோடு எழுதப்பட வேண்டாமா?

கோபுரவாசல் எழுதியது:

எங்கள் ஊர்த் திருவிழாக் குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கட்சிக் கூட்டத்துக்காவது மனுவில் கையெழுத்திட்ட ஒருவர் இருக்கிறார். திருவிழாவுக்கு வரும் மக்களை யாரும் அழைப்பதில்லை. நாளும் நட்சத்திரமும் அழைக்கின்றன. அங்கே அரசுதான் ஏற்பாட்டாளர், வேறு யாரும் இல்லை.

சபரிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 ஜனவரி 14, மகரஜோதி நாளில் பம்பையில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீதிபதி தலைமையில் விசாரணை நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2011இல் அதே ஜனவரி 14, அதே ஜோதி தரிசனம், இம்முறை வண்டிப்பெரியாறு பக்கம் காட்டுப் பாதையில் உள்ள புல்மேட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டுப் பக்தர்கள் பலர். பம்பையும் சன்னிதானமும் நெரியும்போது மக்கள் ஜோதி தெரியும் வேறு மேட்டுக்குப் போகத்தான் செய்வார்கள். அந்த மேட்டில் வெளிச்சமும் பாதையும் காவலும் போதுமான அளவு இல்லை. ஓரிடத்தைக் கட்டுப்படுத்தினால் கூட்டம் எங்கே நகரும் என்று யோசிக்காத திட்டம் பாதித் திட்டம்தான். அதற்குப் பிறகு கேரளம் இணைய வரிசை முன்பதிவு, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு என்று மெல்ல மாறியது. இன்றும் சில நாட்களில் தடுமாறுகிறது என்றாலும், மலையேறும் முன்பே கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் யோசனை சரியானது.

நம் கும்பகோணத்தில் 1992 பிப்ரவரி 18 மகாமகத்தில் ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். முதலமைச்சர் ஜெயலலிதா அன்று அங்கே நீராட வந்திருந்தார். மகாமகக் குளம் ஆறு ஏக்கரைச் சற்றே தாண்டிய பரப்பு. ஒரே நாளில், ஒரே முகூர்த்தத்தில், எல்லோரும் அந்தக் குளத்தில்தான் இறங்க வேண்டும் என்றால் எந்த அரசாலும் முடியாது. 2004இலும் 2016இலும் அத்தகைய உயிரிழப்பு இல்லாமல் மகாமகம் நடந்தது. நீரைக் குறைந்த ஆழத்தில் நிறுத்தினார்கள், இறங்கும் கரையையும் ஏறும் கரையையும் பிரித்தார்கள், விழா நாட்கள் அனைத்திலும் நீராடலாம் என்று முன்கூட்டியே மக்களிடம் சொன்னார்கள். செய்யத் தெரியாத அரசல்ல நம்முடையது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாவுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறவர்கள், ஆண்டுதோறும் வரும் நடுத்தர விழாக்களுக்கு அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கும் தருவதில்லை. 2022 ஏப்ரலில் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது மதுரையில் இருவர் இறந்தார்கள். அதே மாதம் 27ஆம் தேதி தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். களிமேட்டில் நெரிசல் இல்லை, உண்மைதான். ஆனால் மின்வாரியமும் சாலையைப் பராமரிப்பவர்களும் காவல் நிலையமும் விழாக் குழுவும் தேர் போகும் வழியைச் சேர்ந்து நடந்து பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று எங்களைப் போன்ற குழுக்களில் இருக்கும் எல்லோருக்கும் தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 ஏப்ரல் 10 அன்று கேரளத்தில் புற்றிங்கல் கோயில் வெடி விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாணவேடிக்கைப் போட்டிக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. மறுத்த பிறகும் நடந்தது. தாளில் மறுப்பு, தரையில் மௌனம் என்றால் அந்தத் தாளால் யாருக்குப் பயன்?

வைகைக்கரை எழுதியது:

கோபுரவாசல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அரசே கூட்டத்தை உருவாக்கிய இடமும் உண்டு. 2005 டிசம்பர் 18 அதிகாலையில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்காகப் பள்ளி வாசலில் மழையில் காத்திருந்த ஏழை மக்களில் 42 பேர் நெரிசலில் இறந்தார்கள். முந்தைய மாதம்தான் வியாசர்பாடியில் இதே நிவாரண விநியோகத்தில் உயிர்கள் போயிருந்தன. அந்தப் பாடத்தை ஆறு வாரத்துக்குள் மறந்துவிட்டார்கள் என்பது இன்றும் ஆறாத வேதனை.

இன்று பொங்கல் பரிசோ வெள்ள நிவாரணமோ, ரேஷன் கடை ஊழியர் வீட்டுக்கு வந்து நாளும் நேரமும் எழுதிய டோக்கனைத் தருகிறார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பின் 6,000 ரூபாய் நிவாரணத்தையும் ரேஷன் கடைகள் வழியாக டோக்கன் கொடுத்தே வழங்கினார்கள். கோடிக்கணக்கான குடும்பங்கள் சில நாட்களுக்குள் வந்து வாங்கிப் போகின்றன. அங்கே பெரிய காவல் படை கிடையாது. முண்டியடிக்க வேண்டிய காரணத்தையே எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். என் நாளில் என் பொருள் எனக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறவர் யாரையும் தள்ளமாட்டார். திருப்பதியில் 2025இல் டோக்கனுக்காகவே மக்கள் நெரிந்து இறந்ததோடு இதை ஒப்பிட்டால், காவலர் எண்ணிக்கையை விட ஏற்பாட்டின் அமைப்பே பெரிது என்பது விளங்கும்.

ஹான்நதி எழுதியது:

சியோலில் வசிக்கிறேன். 2022 அக்டோபர் 29 இரவு இங்கே இத்தேவோன் பகுதியில் 159 பேரைப் பறிகொடுத்தோம். மக்கள் நசுங்கிய சந்து ஏறத்தாழ 40 மீட்டர் நீளம், மிகக் குறுகிய இடத்தில் 3.2 மீட்டர் அகலம். மாலை 6:34 மணிக்கே ஒருவர் காவல்துறையின் 112 எண்ணை அழைத்து, இந்தச் சந்தில் மக்கள் நசுங்கிவிடுவார்கள் போலிருக்கிறது என்று எச்சரித்தார். இரவு பத்தேகால் மணிவாக்கில் துயரம் நடக்கும் வரை அப்படிப் பதினோரு அழைப்புகள். நான்கு அழைப்புகளுக்கு மட்டுமே காவலர்கள் நேரில் போனார்கள். அந்தப் பகுதிக்கு அனுப்பப்பட்டிருந்த 137 காவலர்களின் முதன்மைப் பணி போதைப்பொருளையும் குற்றங்களையும் கண்காணிப்பது.

பிறகு நடந்த வழக்கில், இத்தேவோன் அடங்கிய யோங்சான் வட்டாரக் காவல் நிலையத்தின் அன்றைய தலைவருக்கு 2024இல் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். அதே வட்டாரத்தின் உள்ளாட்சித் தலைவரை விடுவித்தார்கள். ஏற்பாட்டாளர் இல்லாத கூட்டத்துக்கு உள்ளாட்சி நிர்வாகம் பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்று அன்றிருந்த சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே அதற்கு முக்கியக் காரணம். பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு அந்தத் தீர்ப்பு தாங்க முடியாததாக இருந்தது. துயரத்துக்குப் பின், அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே சட்டத்தைத் திருத்தி, ஏற்பாட்டாளர் இல்லாத கூட்டங்களுக்கும் உள்ளாட்சித் தலைவர் பொறுப்பு என்று எழுதினார்கள். இப்போது நெருக்கமான வட்டாரங்களில் கண்காணிப்புக் கேமரா வழியாகச் சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டு, வரம்பைத் தொட்டால் வட்டார அலுவலகத்துக்கும் காவலுக்கும் தீயணைப்புக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை போகிறது. நெரிசல் கூடினால் மெட்ரோ ரயில் அந்த நிலையத்தில் நிற்காமல் போய்விடுகிறது. கோபுரவாசல் சொல்லும் 'அழைக்காமல் வரும் கூட்டம்' இங்கேயும் சட்டத்தின் கண்ணில் படாமல்தான் இருந்தது.

பழையகோப்பு எழுதியது:

நிறுத்தும் அதிகாரத்தைப் பற்றி வைகைக்கரை கேட்டதற்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. தாளில் அந்த அதிகாரம் பலரிடம் இருக்கிறது. களத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. காரணத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஐம்பதாயிரம் பேர் ஒரு தலைவருக்காகவோ நடிகருக்காகவோ காலையிலிருந்து காத்திருக்கும்போது 'நிகழ்வு ரத்து' என்று மைக்கில் அறிவித்தால் கலவரம் வெடிக்குமோ என்ற அச்சம் நியாயமானது. நிறுத்திய பின் ஒன்றும் நடக்காவிட்டால், தேவையில்லாமல் நிறுத்தினார் என்று அந்த அலுவலரின் மேல்தான் பாயும். நிறுத்தாமல் விட்டு நடந்துவிட்டால் பொறுப்பு பல பேருக்குப் பங்காகப் பிரிந்துவிடும். பெங்களூருவில் மாநகரக் காவல் ஆணையரையே மறுநாள் பணியிடை நீக்கம் செய்தார்கள். அது நடவடிக்கை எடுத்ததாகக் காட்டுமே தவிர, அடுத்த முறை களத்தில் நிற்கும் ஆய்வாளருக்குத் துணிச்சல் தராது.

மீட்புப்பணி எழுதியது:

ஐயா சொல்வது உண்மை. ஆனால் ரத்து செய்வது மட்டுமே நிறுத்துவது அல்ல. வருகிறவர்களைத் தொலைவிலேயே நிறுத்துவது, தொடங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது, தலைவரின் வண்டியைக் கூட்டத்துக்குள் விடாமல் வேறு வழியில் கொண்டுவருவது, பின்பக்க வழியை முதலில் திறப்பது என்று இடையில் பல படிகள் இருக்கின்றன.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் நடந்த நெரிசலில் மொத்தம் 97 பேர் உயிரிழந்தார்கள். இரண்டாண்டு முன்பு, 1987இல், அதே அரங்கில் வெளியே கூட்டம் தேங்கியபோது ஆட்டத்தைக் கால் மணி நேரம் தாமதப்படுத்தி எல்லோரையும் பத்திரமாக உள்ளே அனுப்பினார்கள். 1989இல் தாமதப்படுத்தவில்லை. வாசலில் அழுத்தம் கூடியதும் பகல் 2:52க்கு வெளியேறும் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே போனவர்களை ஏற்கெனவே நிரம்பிய நடுப்பகுதியை நோக்கிச் செல்லும் சுரங்க வழியிலிருந்து திருப்பிவிட யாரையும் நிறுத்தவில்லை. அந்த அரங்கின் பாதுகாப்புச் சான்றிதழ் 1979இல் கொடுக்கப்பட்டது. பிறகு அமைப்பில் மாற்றங்கள் செய்தும் சான்றிதழைப் புதுப்பிக்கவில்லை. அதைக் கவனிக்க வேண்டியது உள்ளூர் நிர்வாகம். இன்று அங்கே பெரும்பாலான ஊர்களில் உள்ளாட்சி, காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், ஏற்பாட்டாளர் எல்லோரும் ஒரே மேசையில் அமரும் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்கிறது. நம் மாவட்டங்களிலும் ஆலோசனைக் கூட்டம் நடக்கிறது. ஆனால் பெரிய விழாக்களுக்கு மட்டும். கட்சிக் கூட்டத்துக்கு எங்கள் துறையைப் பல நேரங்களில் முந்தின நாள்தான் அழைக்கிறார்கள், அதுவும் ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வதற்கு.

வெள்ளைக்கோட்டு எழுதியது:

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். எல்லோரும் நெரிசலுக்கு முந்தைய நேரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதற்குப் பிந்தைய பத்து நிமிடங்களைப் பற்றியும் பேச வேண்டும். மூச்சு நின்றவருக்கு நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கத் தொடங்குகிறது. அந்த நேரத்துக்குள் எந்த ஆம்புலன்ஸும் நெரிசலுக்குள் வந்து சேராது. பக்கத்தில் நிற்பவர் மார்பை அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்தவராக இருந்தால்தான் உண்டு. பந்தோபஸ்துக்கு நிற்கும் ஒவ்வொரு காவலருக்கும் ஊர்க்காவல் படையினருக்கும் அந்தப் பயிற்சியை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 108 வண்டி நிற்கும் இடத்திலிருந்து பிரதான சாலை வரை ஒரு வழி முழுவதும் காலியாக இருக்க வேண்டும்; அதில் எவருடைய காரையும், எவ்வளவு பெரியவருடையதாக இருந்தாலும், நிறுத்தவிடக் கூடாது.

மருத்துவமனையில் எங்கள் நிலையையும் சொல்கிறேன். எல்லோரையும் பக்கத்தில் உள்ள ஒரே மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். உறவினர்கள் நூற்றுக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். அவசரப் பிரிவின் வாசலில் இரண்டாவது நெரிசல் உருவாகிறது. யார் எங்கே சேர்க்கப்பட்டார் என்ற பட்டியல் வெளியே ஒட்டப்பட்டால் பாதிக் கூச்சல் அடங்கும். பிள்ளையைத் தேடி ஒரு தாய் வார்டு வார்டாக ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த ஒற்றைத் தாளின் மதிப்பு தெரியும்.

சட்டம்அறிவோம் எழுதியது:

இதுவரை படித்ததில் எனக்கு உடன்பாடான இடத்தைச் சொல்கிறேன். பொதுக்கூட்டம் நடக்கும் ஒவ்வொரு திடலுக்கும் தெருவுக்கும் கொள்ளளவை முன்கூட்டியே அளந்து மாவட்ட இணையதளத்தில் வெளியிட்டால், என் அச்சத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். எந்தக் கட்சி கேட்டாலும் அதே எண் பொருந்தும். மறுப்பதானால் அந்த எண்ணைக் காட்டி, இத்தனை நாளுக்குள் எழுத்தில் மறுக்க வேண்டும். மறுக்கும்போதே அதே ஊரில் போதுமான வேறு இடத்தைச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் நீதிமன்றத்திலும் நிற்கும்.

உடன்படாத இடம், களத்தில் நிறுத்தும் அதிகாரத்தைக் காவல்துறையிடம் கொடுப்பது. வழக்குப் போடும் கையும் கூட்டத்தைக் கலைக்கும் கையும் ஒன்றாக இருந்தால் மக்கள் அந்த அறிவிப்பை நம்பமாட்டார்கள். ஆட்சியரின் கீழ் கோட்டாட்சியர் நிலையில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும் என்பேன். நல்லெண்ணத்தோடு அவர் நிறுத்தினால் துறை நடவடிக்கை வராது என்ற பாதுகாப்பும் விதியிலேயே இருக்க வேண்டும்.

பழையகோப்பு எழுதியது:

கோட்டாட்சியரை நியமிக்கலாம்; ஆனால் வயர்லெஸ் காவல்துறையிடம் இருக்கிறது, ஆட்களும் அவர்களிடம்தான். கூட்டத்தின் நடுவில் நிற்கும் வருவாய்த்துறை அலுவலரின் குரல் எங்கே போய்ச் சேரும்? இருவரையும் ஒரே கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்து, இருவரில் எவர் சொன்னாலும் போதும் என்று எழுதுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். இருவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும் என்று எழுதினால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும்.

விசாரணை ஆணையங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணையத்தின் அறிக்கையை, எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு, ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. வைத்த அறிக்கையின் எந்தப் பரிந்துரை எந்த அரசாணையானது என்று பின்தொடரும் வழக்கம் நம் மன்றத்திலும் குறைவு, நம் பத்திரிகைகளிலும் குறைவு.

வைகைக்கரை எழுதியது:

ஆளுக்கொரு மாவட்டமாக எடுத்துக்கொண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடலாம் என்று நினைக்கிறேன். கேட்க வேண்டியவை: கடந்த மூன்று ஆண்டுகளில் பொதுக்கூட்டத்துக்கு அனுமதி தரப்பட்ட இடங்களின் பட்டியல்; ஒவ்வோர் இடத்துக்கும் அளக்கப்பட்ட பரப்பும் வெளியேறும் வழிகளின் அகலமும் பதிவில் உண்டா; கொள்ளளவு நிர்ணயிக்கப்பட்டிருந்தால் நிர்ணயித்த அலுவலரின் பதவி; தீயணைப்புத் துறையின் கருத்து பெறப்பட்ட தேதி. மதுரையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழையகோப்பு எழுதியது:

ஒரே மனுவாக ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பினால், அனுமதிக் கோப்பு காவல்துறையில் இருக்கிறது என்று மாற்றி அனுப்புவதிலேயே நாள் கழியும். அனுமதி பற்றிய கேள்விகளை எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கும், மாநகரம் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும், திடலின் அளவு பற்றிய கேள்வியை மாநகராட்சி அல்லது ஊராட்சிக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். 'கருத்து' கேட்காதீர்கள், 'பதிவேட்டின் நகல்' கேளுங்கள். அத்தகைய பதிவேடு இல்லையென்றால் இல்லை என்று முப்பது நாளுக்குள் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பதில்தான் நமக்கு மிகவும் தேவைப்படும். தஞ்சாவூரையும் திருச்சியையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.